சந்தா சேவலுக்கு, புள்ளடி அன்னத்துக்கு

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை மதியம், நீலகிரியின் கொளப்பள்ளியில் எங்கள் வீட்டு முன்னறையில் சித்தப்பா பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தில் இரண்டு பத்திகளாகக் கோடு கிழித்து வைத்திருந்தார். ஒரு பத்தியின் தலையில் ‘திசைகாட்டி’ என்றும் மற்றதன் தலையில் ‘போன்’ என்றும் எழுதியிருந்தார். பந்தலூர் வட்டத்தில் அன்று எந்தத் தேர்தலும் இல்லை. முந்தைய நாள் இலங்கையில் நடந்த ஜனாதிபதித் தேர்தலின் முடிவுக்காகத்தான் அவர் விடியற்காலையிலிருந்து தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தார். ஐம்பது வருடத்துக்கு முன்னால் விட்டுவிட்டு வந்த நாட்டின் தேர்தலுக்கு ஒருவர் இவ்வளவு பதறுவாரா என்று என் மகள் கேட்டாள். எங்கள் பகுதியில் எங்களைச் ‘சிலோன்காரர்’ என்று இன்றும் சொல்வதற்கு இப்படிப்பட்ட மதியங்களும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அன்று காலை இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவிலிருந்து அத்தை ஒரு படம் அனுப்பியிருந்தார். இடது கைச் சுண்டுவிரலில் நகத்தின் வேர்வரை மை இறங்கியிருந்தது. நாற்பது வருடம் கொழுந்து கிள்ளிய கை என்பதால், ஆள்காட்டி விரலின் ஓரத்தில் பழைய கறையும் வெடிப்பும் அந்த மையைவிடக் கறுப்பாகத் தெரிந்தன. யாருக்குப் போட்டாய் என்று சித்தப்பா குரல் பதிவில் கேட்டதற்கு, “போட்டுட்டேன் தம்பி” என்ற பதில் மட்டும் வந்தது.

எங்கள் குடும்பம் இரண்டு கரையாகப் பிரிந்த கதை இந்த மலையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பொதுவானது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக நின்ற இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். தாத்தா இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர். அத்தையைக் கட்டிய மாமா இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். 1974-இல் அப்பாவும் சித்தப்பாவும் தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கிக்கொண்டு, தாயகம் திரும்பியோருக்காகவே நீலகிரியில் போடப்பட்டுவந்த அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அத்தை அங்கேயே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், தங்கிவிட்டார். நான் கொளப்பள்ளியில் பிறந்தவன். மஸ்கெலியாவை இதுவரை மூன்றே முறை பார்த்திருக்கிறேன்.

அந்த ஞாயிறு ஏன் இரண்டு பத்தி என்பதைச் சொல்லவேண்டும். இலங்கையின் ஜனாதிபதி வாக்குச்சீட்டில் ஒருவருக்கு மட்டும் புள்ளடி (பெருக்கல் குறி) போடலாம்; அல்லது 1, 2, 3 என்று எண் எழுதி மூன்று பேர்வரை விருப்ப வரிசையில் காட்டலாம். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்குமேல் யாருக்கும் கிடைக்காவிட்டால், முதல் இருவரை மட்டும் நிறுத்திக்கொண்டு, மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அந்த இருவருக்கு எழுதப்பட்ட அடுத்த விருப்பங்களை எடுத்துக் கூட்டவேண்டும். 1982 முதல் நடந்த தேர்தல்கள் எதிலும் இந்த இரண்டாவது எண்ணிக்கைக்கு வேலை வரவில்லை. 2024-இல்தான் முதன்முதலாக வந்தது. அநுர குமார திசாநாயக்க 56,34,915 வாக்குகளோடு நூற்றுக்கு 42-ஐத் தாண்டியிருந்தார். சஜித் பிரேமதாச நூற்றுக்கு 33-ஐ ஒட்டி நின்றார். பதவியிலிருந்த ரணில் விக்கிரமசிங்க 17-இல் நின்றுவிட்டார். அநுரவின் சின்னம் திசைகாட்டி, சஜித்தின் சின்னம் தொலைபேசி. அவைதான் சித்தப்பாவின் பத்திகள்.

மாலையில் கணக்கு முடிந்தது. விலக்கப்பட்ட வேட்பாளர்களின் சீட்டுகள் முப்பத்து மூன்று லட்சத்துக்கு மேல் இருந்தன. அவற்றிலிருந்து அநுரவுக்கு 1,05,264-ம் சஜித்துக்கு 1,67,867-ம் மட்டுமே போய்ச் சேர்ந்தன. அதாவது பத்தில் ஒரு சீட்டில்கூட அந்த இருவருக்கு உதவும்படி அடுத்த எண் எழுதப்பட்டிருக்கவில்லை. சித்தப்பாவுக்கு இது பெரிய ஏமாற்றமாக இருந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்சி கடந்து போகிற வாக்காளர் பாதி மனசை ஒருவருக்கும் மீதியை இன்னொருவருக்கும் என்று சீட்டில் பங்குபோடுவதில்லை. போகிறபோது முழுதாகப் போய்விடுகிறார். 2019-இல் இதே அநுரவுக்கு நூற்றுக்கு 3-தான் கிடைத்திருந்தது. இடையிலிருந்த ஐந்து வருடத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெவ்வேறு கொடிகளின் கீழிருந்து நடந்து வந்திருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தக் கட்சியிலிருந்தும் விலகியதாகக் கடிதம் கொடுத்திருக்கமாட்டார்கள்.

தமிழில் ‘கட்சி தாவல்’ என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது. அது தலைவர்களுக்கான சொல். அதில் ஏளனமும் இருக்கிறது, அந்த ஏளனத்துக்கு அவர்கள் உரியவர்களும்கூட. வாக்காளர் செய்வதற்கு அப்படியொரு பெயர் இல்லை. வாக்குச்சீட்டு முறை காலத்துப் பழக்கத்தில் எங்கள் பக்கத்தில் ‘மாத்திக் குத்திட்டாங்க’ என்பார்கள், ஏதோ கை தவறியதுபோல. இரண்டும் வேறு வேறு செயல்கள் என்பது எனக்குப் புரிந்தது அத்தையின் அடுப்படியில்தான்.

மலையகத்தில் தொழிற்சங்கம் வேறு, கட்சி வேறு இல்லை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் இரண்டுமாக இருந்தது, இருக்கிறது. அதன் சின்னம் சேவல். அங்கத்தவரின் சந்தா செக்ரோல் என்ற தோட்டச் சம்பளப் பதிவேட்டின் வழியாகச் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டுவிடும். தோட்டத்துக்கு ஒரு தலைவர், மாதர் சங்கத்துக்கு ஒரு தலைவி. லயத்துக்கூரை ஒழுகினாலும், பீலியில் (பொதுக் குழாயில்) தண்ணீர் நின்றாலும், பேர் வெட்டிவிட்டார்கள் என்றாலும் முதலில் போய் நிற்கும் இடம் தோட்டத் தலைவர் வீட்டு வாசல்தான். அந்த அமைப்பின் வேர் ஆழமானது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் என்ற பெயரில் நின்று ஏழு தொகுதிகளில் வென்றவர்கள் அவர்கள். அந்த வெற்றிக்குக் கிடைத்த பரிசு 1948-இன் குடியுரிமைச் சட்டமும் 1949-இன் வாக்குரிமைத் திருத்தமும். ஓட்டுப் போட்ட ஒரு ஜனம் அடுத்த தேர்தலில் பட்டியலிலேயே இல்லாமல் போனது. 1977-இல்தான் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியா பல்லங்கத்தவர் தொகுதியில் மூன்றாவது உறுப்பினராகத் தேர்வானார். அடுத்த வருடம் ஜே.ஆர். ஜெயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். கடைசி நாடற்றவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003 சட்டத்தோடுதான் தீர்ந்தது. இந்தப் பின்னணியில், சங்கம் யாரைக் காட்டுகிறதோ அவருக்கு ஓட்டு என்பது அடிமைத்தனம் அல்ல. இழந்ததைத் திரும்ப வாங்கித்தந்தவர்களுக்குக் காட்டிய விசுவாசம். அத்தை முதன்முதலாக வாக்களித்தது 1982 ஜனாதிபதித் தேர்தலில். சங்கம் ஜே.ஆரின் யானை என்றது. அத்தை யானைக்குப் போட்டார். அதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை.

மாமா பிறகு தோட்டத் தலைவரானார். தேர்தலுக்குத் தேர்தல் கோயில் முற்றத்தில் ஆட்களைக் கூட்டி, தலைமையின் முடிவை அறிவித்து, கைதூக்கச் சொல்லி எண்ணிக்கொள்வது அவர் வேலை.

2017-இல் என் தங்கை கல்யாணத்துக்கு இருவரும் கொளப்பள்ளிக்கு வந்திருந்தார்கள். ஒரு மாலை, மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அத்தை விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்து கோதுமை மாவில் தேங்காய்த் துருவலைப் பிசைந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அம்மியில் கட்டச் சம்பலுக்கு மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. 2015 ஜனாதிபதித் தேர்தலில் மைத்திரிபால சிறிசேன ஜெயித்தது எப்படி என்று நான்தான் பேச்சை எடுத்தேன். அத்தை முன்னறையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தான் அன்னத்துக்குப் போட்டதாகச் சொன்னார். அன்னம் மைத்திரியின் சின்னம். சங்கம் அப்போது நின்றது பதவியிலிருந்த ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் வெற்றிலையோடு. அதற்கு முன்னால் 2010-இல், மஹிந்தவை எதிர்த்து முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா அதே அன்னத்தில் நின்றபோதும், அதற்கே போட்டாராம்.

“பொன்சேகாவுக்கா?” என்று கேட்டேன். போர் முடிந்து எட்டு மாதமே ஆகியிருந்த நேரம் அது.

“அவரும் அடிச்சவருதான், இவரும் அடிக்கச் சொன்னவருதான். இருக்கிறவர இறக்கணும்னா யாரையாவது ஏத்தித்தானே ஆகணும்?” ரொட்டியைப் புரட்டிப் போட்டுவிட்டு அவரே தொடர்ந்தார். “கோயில்ல கையத் தூக்கச் சொன்னாரு, தூக்கினேன். புள்ளடி போடுற எடத்துல என் இஷ்டம்.”

இதை மாமாவிடம் சொல்லிவிடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பீலியில் பெண்கள் பேசிப் பேசி, தலைவர் பெண்சாதியே மாற்றிப் போட்டாள் என்று ஆகிவிட்டால் மாமாவுக்குத் தலைகுனிவு என்பது அவர் பயம். மறுநாள் பேச்சுவாக்கில் சித்தப்பா என்னிடம் சொன்ன விஷயம் இது: முந்தைய இரவு முன்னறையில் மாமாவும் இதையே சொல்லியிருக்கிறார். 2010-இலும் அன்னம், 2015-இலும் அன்னம். அக்காவுக்குத் தெரியவேண்டாம், அவள் வாய் சும்மா இருக்காது என்று இவரும் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஒரே லயத்து அறையிலிருந்து ஒன்றாக நடந்துபோய், ஒரே பள்ளிக்கூடத்துச் சாவடியில், ஒரே பறவைக்குப் புள்ளடி போட்டுவிட்டு, ஏழு வருடம் இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் அதைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். சத்தியத்தை நானும் மீறவில்லை, சித்தப்பாவும் மீறவில்லை. மாமா 2021-இல் காலமானார்.

அவர்கள் இருவர் மட்டும் அல்ல என்பதைக் கணக்கு சொல்கிறது. 2010 ஜனவரியில் நாடு முழுவதும் மஹிந்த நூற்றுக்கு 57-க்கு மேல் வாங்கி ஜெயித்தபோது, மஸ்கெலியா இருக்கும் நுவரெலியா மாவட்டம் பொன்சேகாவுக்கு 52 கொடுத்தது. 2015 ஜனவரியில் மைத்திரிக்குக் கிட்டத்தட்ட 64. 2019 நவம்பரில் சங்கம் கோட்டாபய ராஜபக்ஷவின் தாமரை மொட்டோடு நின்றது. நாடும் அவருக்கே 52 கொடுத்தது. நுவரெலியாவோ சஜித்துக்கு 58 கொடுத்தது. 2024-இல் சங்கம் ரணிலின் எரிவாயு சிலிண்டரோடு நின்றது. அந்த வருட மே தினத்தில் சங்கத்தின் கொட்டகலைக் கூட்டத்தில்தான் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்ற அறிவிப்பே வந்தது. அப்படியும் மாவட்டத்தில் முதலில் வந்தவர் சஜித், ரணில் அடுத்துத்தான்.

இவ்வளவையும் பார்த்துச் சங்கத்தின் பிடி போய்விட்டது என்று எழுதியவர்கள் உண்டு. அவர்கள் அடுத்த தேர்தலைப் பார்க்கவில்லை. 2010 ஜனவரியில் வெற்றிலையைத் தள்ளிய அதே மாவட்டம், ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது ஏழு இடங்களில் ஐந்தை வெற்றிலைக்கே கொடுத்தது; அந்தச் சின்னத்தில்தான் சங்கத்தின் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் நின்றார். 2019 நவம்பரில் மொட்டைத் தள்ளிய மாவட்டம், 2020 ஆகஸ்டில் எட்டில் ஐந்தை மொட்டுக்குக் கொடுத்தது. மே மாதம் தந்தை ஆறுமுகன் இறந்திருந்த நிலையில் நின்ற ஜீவன் தொண்டமானுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் விருப்பு வாக்குகள் விழுந்து, மாவட்டத்திலேயே முதலிடம் கொடுத்தன. இடைவெளி மூன்று மாதமும் ஒன்பது மாதமும். அதற்குள் ஒரு ஜனம் மனம் மாறி, மறுபடி மாறியது என்று நம்புவதற்கு நான் தயாராக இல்லை. மாறவே இல்லை என்பதுதான் என் கட்சி. நாடாளுமன்றத்துக்கு அவர்கள் அனுப்புவது தங்கள் ஆளை. கூரைத் தகரத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நாளைக் காலை யார் வாசலில் நிற்க முடியுமோ அவரை. ஜனாதிபதிக்குப் போடும் புள்ளடி வேறொரு கேள்விக்கான பதில், அந்தக் கேள்வியில் சங்கத்தின் சொல்லுக்கு இடமில்லை. சந்தா இரண்டு தேர்தலுக்கும் நடுவில் ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

இதில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நுவரெலியா மாவட்டம் முழுவதும் தோட்டம் அல்ல. கொத்மலையும் வலப்பனையும் ஹங்குராங்கெத்தவும் சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் தொகுதிகள். 2014 டிசம்பரிலேயே வேறு மலையக அமைப்புகளின் தலைவர்களான பழனி திகாம்பரமும் வி. இராதாகிருஷ்ணனும் அரசிலிருந்து விலகி மைத்திரி பக்கம் போயிருந்தார்கள். 2015-இல் மனோ கணேசனோடு சேர்ந்த அவர்களின் கூட்டணி அதன்பிறகும் ராஜபக்ஷக்களுக்கு எதிர்ப்பக்கமே நின்றது. ஆகவே அன்னத்துக்கு விழுந்த தோட்டத்து வாக்குகளில் ஒரு பங்கு தங்கள் சங்கத் தலைவர் சொல்லைக் கேட்டுப் போட்டதுதான். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும், நவம்பருக்கும் ஆகஸ்டுக்கும் இருக்கும் வித்தியாசம் கரையவில்லை. அந்த வித்தியாசத்துக்குள்தான் என் அத்தையும் மாமாவும் இருக்கிறார்கள்.

தலைவர்கள் கோடு தாண்டும் விதத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். மஹிந்தவின் கட்சிப் பொதுச்செயலாளராகவும் அமைச்சராகவும் இருந்த மைத்திரிபால, முந்தைய இரவு அவரோடு உட்கார்ந்து ஆப்பம் சாப்பிட்டுவிட்டு, 2014 நவம்பர் 21 அன்று எதிரணியின் பொது வேட்பாளராக வந்து நின்றார். அந்த ஆப்பக் கதை இலங்கையில் இன்றும் பழமொழி மாதிரி உலவுகிறது. தாண்டியவருக்கு ஐம்பது நாளுக்குள் ஜனாதிபதிப் பதவி கிடைத்தது. 2022 ஜூலையில் கோட்டாபய நாட்டைவிட்டு ஓடியபின், மிச்சக் காலத்துக்கான ஜனாதிபதியை நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தது. கட்சிக்கு ஒரே உறுப்பினராக உட்கார்ந்திருந்த ரணிலுக்கு 134 பேர் வாக்களித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ராஜபக்ஷக்களின் மொட்டில் வென்றவர்கள். அன்று மூன்றாவதாக நின்ற அநுர குமாரவுக்கு விழுந்தவை மூன்றே வாக்குகள். மூன்று ஓட்டு வாங்கியவருக்கு இரண்டு வருடம் கழித்து மக்கள் ஐம்பத்தாறு லட்சம் கொடுத்தார்கள். உறுப்பினர்கள் தாண்டியதற்கும் மக்கள் தாண்டியதற்கும் திசையே வேறாக இருந்தது.

நம் பக்கத்தில் குடியரசுத் தலைவரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் அனுப்பியவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனாலும் கட்சி கடந்த வாக்கு என்றால் இந்தியாவில் முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தேர்தல்தான், அதிலும் 1969. ஜாகிர் உசேன் மே மாதம் பதவியிலேயே இறந்தார். காங்கிரசின் வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. அவருடைய பெயரை வேட்புமனுவில் முன்மொழிந்த இந்திரா காந்தியே, பிறகு தன் கட்சிக்காரர்களை ‘மனசாட்சிப்படி’ வாக்களிக்கச் சொல்லி, சுயேச்சையாக நின்ற வி.வி. கிரிக்கு வழிவிட்டார். காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா இரண்டாம் விருப்பத்துக்காக ஜனசங்கத்தோடும் சுதந்திராக் கட்சியோடும் பேசியது அதற்குச் சாக்காக அமைந்தது. தமிழ்நாட்டில் காமராஜர் ரெட்டி பக்கம். ஆட்சியிலிருந்த திமுக கிரி பக்கம். முதல் எண்ணிக்கையில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, சி.டி. தேஷ்முக் 1,12,769. யாருக்கும் பாதி இல்லை. தேஷ்முக்கின் சீட்டுகளில் இரண்டாம் விருப்பம் பெரும்பாலும் ரெட்டிக்கே போயும், கிரி 4,20,077-க்கு 4,05,427 என்று தப்பிப் பிழைத்தார். நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் இரண்டாம் விருப்பம் எண்ணப்பட்டது அந்த ஒரு முறைதான். சித்தப்பாவின் நாட்காட்டித் தாளுக்கு ஒரு முன்னோடி இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கிரியின் பெயரை எங்கள் வீட்டில் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருந்தார்கள். 1947 முதல் 1951 வரை இலங்கையில் இந்தியாவின் தூதுவராக இருந்தவர் அவர். மலையகத் தமிழரின் குடியுரிமையும் வாக்கும் பறிக்கப்பட்ட அந்த மூன்று நான்கு வருடங்கள் அவர் கொழும்பில் இருந்த காலத்தில்தான் நடந்தன. அவர் வாழ்நாள் தொழிற்சங்கக்காரர் என்பதால் தாத்தா அவர்மேல் நிறைய நம்பிக்கை வைத்திருந்ததாக அப்பா சொல்வார். நம்பிக்கை எந்த அளவுக்குப் பலித்தது என்பதற்கு எங்கள் மண்டபம் முகாம் அட்டையே சாட்சி. இருபது வருடம் கழித்து அவரே மனசாட்சி வாக்கால் குடியரசுத் தலைவரானார். மனசாட்சி என்ற சொல்லை மேலிருந்து ஒருவர் அனுமதி கொடுத்துத்தான் உறுப்பினர்கள் பயன்படுத்தினார்கள் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும். அந்த வருடம் முடிவதற்குள் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. மனசாட்சிப்படி போட்டவர்களுக்குத் தங்கள் பக்கம் எது என்பது அதற்குமுன்பே தெரிந்திருந்தது. அத்தைக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை.

இன்றும் குடியரசுத் தலைவர் தேர்தலில் கொறடா உத்தரவு செல்லாது. கட்சித் தாவல் தடைச் சட்டமும் அங்கே பாயாது. சீட்டில் சின்னம் கிடையாது. நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பச்சைத் தாள், சட்டமன்ற உறுப்பினருக்கு இளஞ்சிவப்புத் தாள். கையெழுத்தின் மை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதால் 2017 முதல் எல்லாருக்கும் ஒரே ஊதா மைப் பேனா. 2021-இல் எங்கள் மாவட்டத்தின் மூன்று தொகுதிகளும் மூன்று கட்சிகளைத் தேர்ந்தெடுத்திருந்தன: உதகை காங்கிரசை, குன்னூர் திமுகவை, கூடலூர் அதிமுகவை. ஆக 2022 ஜூலையில் தலைக்கு 176 மதிப்புள்ள மூன்று வாக்குகள் நீலகிரியிலிருந்து போயின. அவர்கள் கட்சிகளில் இரண்டு யஷ்வந்த் சின்ஹாவை ஆதரித்தன, ஒன்று பழங்குடிப் பெண்ணான திரௌபதி முர்முவை. மூவரும் கட்சி சொன்னபடிதான் போட்டார்களா என்பதை அந்த ஊதா மை வெளியே சொல்லாது. பழங்குடிகள் வாழும் இந்த மலையிலிருந்து போன ஒருவருக்கு அந்தத் தாளின் முன்னால் ஒரு நொடியாவது கை தயங்கியிருக்காதா என்று நான் யோசித்ததுண்டு.

உறுப்பினர்களுக்கு இவ்வளவு காவல் இருக்க, எங்களுக்கு அதில் பாதி இல்லை. எங்கள் தேர்தல்களில் படிவம் 20 என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்று அதில் தனித்தனியாக அச்சாகிவிடும். நகரத்தில் அது ஆய்வாளர்களுக்குப் பயன்படும். ஒரு தோட்டத்துக்கு ஒரு சாவடி, அதில் சில நூறு வாக்காளர்கள் என்று இருக்கும் எங்கள் பக்கத்தில் அது வேறு விதமாகப் பயன்படுகிறது. முடிவு வந்த மறுவாரம், கிளைச் செயலாளர் ஒருவர் அந்தத் தாளின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லயம் லயமாக வந்ததை நான் பார்த்திருக்கிறேன். யாரையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. “நம்ம சாவடியில நாப்பத்தி மூணு கொறையுது” என்று மட்டும் ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டுப் போனார். அந்த நாற்பத்து மூன்றில் நானும் ஒருவன். தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் முடிவுகள் தொகுதிவாரியாகத்தான் வெளிவரும். நுவரெலியா–மஸ்கெலியா என்றால் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் கொண்ட ஒரே தொகுதி. எந்தத் தோட்டம் மாற்றிப் போட்டது என்று கொட்டகலையிலிருந்து யாரும் விரல் நீட்ட முடியாது. ஏழு வருடம் தம்பதிகள் ஒருவருக்கொருவர் மறைத்ததைப் பெரிய எண்ணின் நிழல்தான் சாத்தியமாக்கியது என்று நினைக்கிறேன். அதே மனிதர்கள் எங்கள் சாவடியில் இருந்திருந்தால், அறுபது எழுபது அன்னங்கள் மறுவாரமே எண்ணப்பட்டிருக்கும்.

2024 நவம்பர் 14 அன்று இலங்கையில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. ஜனாதிபதிக்கு ஒன்று, நாடாளுமன்றத்துக்கு ஒன்று என்று நான் மேலே எழுதிவைத்த கணக்கு அன்று கவிழ்ந்தது. திசைகாட்டி நாட்டில் 225-க்கு 159 இடங்களைப் பிடித்தது. செப்டம்பரில் மூன்றாவதாக வந்த நுவரெலியாவிலும் எட்டில் ஐந்து அதற்கே போயின. ஜீவன் தொண்டமான் யானைச் சின்னத்தில் ஒற்றை இடத்தோடு தப்பினார். புள்ளடி முன்னால் போய்விட, சந்தா பின்னால் நடந்து வருகிறதா, அல்லது ஒரு அலை அடித்து ஓய்வதற்குள் மறுபடி சேவலுக்கே திரும்புமா என்று சித்தப்பாவும் நானும் அன்று இரவு வெகுநேரம் வாதாடினோம். அவர் திரும்பாது என்றார். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. 2010-ஐயும் 2020-ஐயும் பார்த்தவன் உறுதியாகச் சொல்லமாட்டான்.

பிறகு அத்தையையே கூப்பிட்டோம். மஸ்கெலியாவில் மழை, பேச்சுக்கு நடுவில் தகரத்தில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யாருக்கு என்று இந்தத் தடவை சித்தப்பா கேட்கவில்லை. மாமா இருந்தபோதே மாற்றித்தரச் சொல்லி எழுதிக் கொடுத்த கூரை என்ன ஆயிற்று என்றார்.

“புது ஆளுங்க வந்து பாத்துட்டு எழுதிட்டுப் போயிருக்காங்க,” என்றார் அத்தை. “பழைய தலைவரும் வந்து எழுதிட்டுப் போயிருக்காரு. ரெண்டு பேருக்கும் டீ குடுத்தேன். தார்ப்பாய்தான் கெடக்கு இன்னும்.”